ஒரே கோலால் இரண்டு பண்பாட்டை அளக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் குடியேறிய சீனர்களும் அவர்கள் வாரிசுகளும் அந்நாட்டுப் பண்பாட்டோடு எவ்வளவு ஒன்றியிருக்கிறார்கள் என்று அளப்பது பற்றிய கட்டுரையைத் தங்கள் நாளிதழில் படித்தோம். குமரி மாவட்டத்தின் வளைகுடாக் குடும்பங்களுக்கும் அதே கேள்வித்தாளைக் கொடுக்கலாம் என்று அதில் வந்த யோசனையை மட்டும் ஏற்க முடியவில்லை.

ஆசியர்கள் அமெரிக்கப் பண்பாட்டோடு எவ்வளவு ஒன்றியிருக்கிறார்கள் என்று அளக்க 1987-இல் வந்த சுவின்-லூ அளவுகோலில் 21 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆசிய மொழி மட்டும் பேசுபவருக்கு 1, ஆங்கிலம் மட்டும் என்றால் 5, இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் 3. கான்டனீசும் (சீன மொழிகளில் ஒன்று) ஆங்கிலமும் தண்ணீர்பட்ட பாடாக இருப்பவருக்கும் 3. இரண்டிலும் தட்டுத்தடுமாறுபவரும் அதே 3-ஐத்தான் குறிப்பார். ஒரு தட்டு ஏறினால் மறுதட்டு இறங்கியே ஆகவேண்டும் என்ற தராசுக் கணக்கு இது.

2000-இல் வந்த வான்கூவர் அளவுகோல் இந்த இரண்டு தட்டுகளையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. மொத்தம் 20 வாக்கியங்கள். ஒற்றைப்படை எண்ணுள்ள 10 பூர்வீகப் பண்பாட்டுக்கு, மற்ற 10 குடியேறிய நாட்டுப் பண்பாட்டுக்கு. மதிப்பெண் 1 முதல் 9 வரை. இரண்டு சராசரிகளையும் தனித்தனியே வைக்கவேண்டும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பழைய தராசுக்கே திரும்பிவிடுவோம். பதில் சொன்னவர்களை மதிப்பெண் வரிசையில் சரிபாதியாக வெட்டி, மேல்பாதி 'ஒன்றியவர்', கீழ்பாதி 'ஒன்றாதவர்' என்று பெயரிடுவதும் தவறு. எல்லோரும் 7-க்கு மேல் போட்டிருந்தாலும் பாதிப்பேர் கீழே விழுவார்கள்.

தலைமுறைகளையும் கலக்கக் கூடாது. அதே 2000-இல் வந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவில் பிறந்த சீனர்களிடம் 'சீனராயிருத்தல்', 'அமெரிக்கராயிருத்தல்' இரண்டுக்கும் தொடர்பே இல்லை. குடிபெயர்ந்து வந்தவர்களிடம் ஒன்று கூடினால் மற்றது குறைந்தது. அங்கேயே பிறந்தவரையும் குடிபெயர்ந்து வந்தவரையும் ஒரே பட்டியலில் சேர்த்தால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

வளைகுடாவுக்கு இது பொருந்தாததற்குப் பெரிய காரணம் குடியுரிமை. அமெரிக்க மண்ணில் பிறந்த சீனர் அமெரிக்கக் குடிமகனே என்று 1898-இல் வோங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துபாயில் பிறக்கும் நம் பிள்ளைக்கு அப்படி இல்லை. அவன் படிப்பது பெரும்பாலும் இந்தியப் பள்ளி; அக்கம்பக்கத்தில் மலையாளிகள், வடஇந்தியர்கள். 'குடியேறிய நாட்டுப் பண்பாடு' என்றால் அவன் எதை நினைப்பான்? அரபையா, ஆங்கிலத்தையா, இந்தியையா?

மொழிக் கேள்வியிலும் சிக்கல் உண்டு. 'சீன மொழி' என்று பொதுவாகக் கேட்டால் வீட்டில் ஹொக்கியன் என்ற சீன மொழி பேசுபவர், சீனாவின் பொதுமொழியான மாண்டரினை நினைத்து 'தெரியாது' என்பார். விளவங்கோடு பக்கம் 'தாய்மொழி எது?' என்று கேட்டாலும் இதே கதைதான்: வீட்டில் மலையாளம், பள்ளியில் தமிழ் என்று இருப்பவர் எதைச் சொல்வார்? அம்மாவிடம் எந்த மொழி, கூடப்பிறந்தவர்களிடம் எது, வாசிப்பது எது, எழுதுவது எது என்று நான்காகக் கேட்கவேண்டும். உணவுக்கு அதிக எடை வேண்டாம். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ருசித்துத் தின்பவனுக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாமல் இருக்கலாம்.

தமிழில் மொழிபெயர்த்த கேள்விகளை, ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடுங்கள். பிறகு பத்துப் பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் என்னவென்று புரிந்துகொண்டார்கள் என வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் திகைத்தால் அந்தக் கேள்வியை மாற்றி எழுதிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்பவேண்டும்.

இப்படிக்கு,
சமூகவியல் ஆசிரியர்கள் சிலர்,
மார்த்தாண்டம், குமரி மாவட்டம்.