நீ வெளியில நின்னு போட்டோ எடுத்த வீடு

கண்ணா,

ஃப்ளோரன்ஸ் போட்டோ எல்லாம் வந்துச்சுடா. அப்பா டேவிட் சிலை வந்ததும் டக்குனு அடுத்ததுக்கு தள்ளிட்டாரு, பக்கத்து வீட்டு மாமி உக்காந்திருந்தாங்க இல்ல. ஆனா நான் ரொம்ப நேரம் பாத்தது அந்த இன்னொரு போட்டோ, "ஏதோ ஒரு கல் கட்டடம், ஜெயில் மாதிரி இருக்கு, எக்ஸிபிஷனுக்கு பெரிய க்யூ, உள்ள போகல"ன்னு போட்டிருந்தியே, அது. பெருசு பண்ணி பாத்தா போர்டுல பேரு தெரியுது. பலாட்ஸோ ஸ்ட்ரோட்ஸி. அந்த வீட்ட கட்டுனவனோட அம்மாவ எனக்கு நல்லா தெரியும். ரிட்டயர் ஆனதுக்கப்புறம் அவ கடுதாசி எல்லாம் இங்கிலீஷ்ல கிடைச்சுச்சு, கண்ணாடிய துடைச்சு துடைச்சு ரெண்டு தடவை படிச்சேன். அவ பேரு அலெஸ்ஸாண்ட்ரா. புள்ளைங்க ஊரு விட்டு ஊரு போயிட்டாங்க, இவ தனியா உக்காந்து எழுதிக்கிட்டே இருந்தா. 70க்கு மேல கடுதாசி இன்னைக்கும் இருக்கு, 1447ல ஆரம்பிச்சு 1470 வரைக்கும்.

ஃபோன்லயே சொல்லிருப்பேன், நீ மீட்டிங் மீட்டிங்னு ஓடிட்டே. அதான் டைப் அடிக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காத.

31 வருஷம் மறுமலர்ச்சி பாடம் நடத்தினேன்ல. 1453ல கான்ஸ்டான்டிநோபிள் விழுந்துச்சு, அறிஞர்கள் சுவடிய தூக்கிக்கிட்டு இத்தாலிக்கு ஓடி வந்தாங்க, மறுமலர்ச்சி பொறந்துச்சு, அஞ்சு மார்க். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. 1453ல ஃப்ளோரன்ஸ் கதீட்ரலோட, அந்த பெரிய சர்ச்சோட, குவிமாடம் கட்டி முடிச்சு 17 வருஷம் ஆயிருச்சு, ஓவியர் மசாச்சோ செத்தே கால் நூற்றாண்டு. கிரேக்கம் சொல்லிக்குடுக்க கிரிசோலொராஸ் ஃப்ளோரன்ஸுக்கு வந்தது 1397. அதே வருஷம்தான் அந்த ஊர் மெடிச்சி குடும்பத்து பேங்கும் ஆரம்பிச்சாங்க. நான் பசங்களுக்கு அந்த ரெண்டாவது விஷயத்த சொன்னதே இல்ல, பேங்குக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்னு நானே நெனச்சிருக்கேன்.

சம்பந்தம் இருக்கு. நீ உஃபிட்ஸி மியூசியத்துல ஒரு படம் எடுத்திருக்கே பாரு, தங்கமா ஜொலிக்குது, குதிரை, குரங்கு, சிறுத்தைன்னு ஒரே கூட்டம், ஓரத்துல மூணு ராஜாக்கள் குழந்தை ஏசு முன்னாடி காணிக்கை வெக்கிறாங்க. ஜென்டிலே த ஃபாப்ரியானோ 1423ல வரைஞ்சது. வரையச் சொன்னவரு பாலா ஸ்ட்ரோட்ஸி, அப்ப ஊர்லயே பெரிய பணக்காரர், அலெஸ்ஸாண்ட்ராவோட புருஷன் வகையறா. அந்த கிரேக்க வாத்தியார வரவழைச்சதுலயும் இவருக்கு பங்கு உண்டு. இப்ப யோசி, வட்டி வாங்கினா பாவம்னு சர்ச் சொல்லுது, ஊரே வட்டியில ஓடுது. ஏழையா இருன்னு சொல்ற பைபிள்ல பணக்காரன் கௌரவமா வர்ற இடம் எத்தனை இருக்கு? பட்டு உடுத்தி தங்கத்தோட வந்து மண்டி போட்டு அப்பவும் ராஜாவாவே எந்திரிச்சு போறவங்கன்னா இந்த மூணு பேருதான் ஞாபகம் வருது. அதனால பேங்க்காரங்களுக்கு இந்தக் கதைன்னா உசுரு. மெடிச்சிங்க 1459 வாக்குல அவங்க வீட்டு சாப்பல்ல மூணு சுவத்துக்கும் இதே ஊர்வலத்தத்தான் பெனோட்ஸோ கோட்ஸோலிய வெச்சு வரைய வெச்சாங்க, அதுல குதிரை மேல வர்றது அவங்க குடும்பமே. போத்திச்செல்லி வரைஞ்ச ஒண்ணுல வயசான ராஜா மூஞ்சி கோசிமோ மெடிச்சியோடது. அத வரையச் சொன்னவரும் காசு மாத்துற தரகர்தான். பக்தி இல்லன்னு நான் சொல்லல, பக்திதான், ஆனா கணக்கு நோட்டு பக்கத்துலயே இருக்கு.

சரி நம்ம அம்மா கதைக்கு வரேன். 1434ல கோசிமோ கை ஓங்குச்சு, ஸ்ட்ரோட்ஸிங்கள ஊர விட்டு தொரத்துனாங்க. அவ்ளோ பெரிய பாலா பதுவா ஊருக்கு போனாரு, செத்தும் திரும்பல. அலெஸ்ஸாண்ட்ரா புருஷன் மத்தேயோ பெசாரோவுக்கு போனாரு, கொஞ்ச நாள்ல பிளேக்ல போயிட்டாரு, மூணு குழந்தைங்களும் போச்சு. இவ வயித்துல ஒண்ணோட ஃப்ளோரன்ஸுக்கு திரும்பி வந்தா, பொறந்த புள்ளைக்கு அப்பன் பேரயே மத்தேயோன்னு வெச்சா. மூத்தவன் ஃபிலிப்போவ மீச மொளைக்கிறதுக்கு முன்னாடியே சொந்தக்காரங்க பேங்க்ல வேலை கத்துக்க வெளியூர் அனுப்பிட்டா. அப்புறம் லொரென்ஸோ. கடைசிப் பையன அனுப்ப மனசு வராம இன்னும் சின்னவன் இன்னும் சின்னவன்னு சாக்கு சொல்லி இழுத்தடிச்சு 1450ல நேப்பிள்ஸுக்கு அனுப்புறா. அவன் 1459ல அங்கயே காய்ச்சல்ல செத்துட்டான். அந்தக் கடுதாசிய நான் ஒரு தடவைதான் படிச்சேன், ரெண்டாவது தடவை அந்த பக்கத்த தள்ளிட்டு போயிட்டேன். வைத்தியரு மருந்து எதுலயும் குறை வெக்கலன்னு கேட்டு ஆறுதல் ஆனேன், பாவமன்னிப்பு கேட்டு நற்கருணை வாங்கி போனான்னு கேட்டு ஆறுதல் ஆனேன்னு எழுதுறா, கண்ணீர் விட்டு எழுதுறத விட அது கஷ்டமா இருக்குடா.

மத்தபடி கடுதாசி பூரா நம்ம வீடுதான். பாலாடைக்கட்டி அனுப்புறேன், பெருஞ்சீரகம் அனுப்புறேன், சட்டை தெச்சு அனுப்புறேன், வந்து சேந்துச்சான்னு சொல்லவே மாட்டேங்கிற. அரசியல் விஷயம் எழுதும்போது மட்டும் ஆளுங்க பேருக்கு பதிலா நம்பர் போடுவா, யாராச்சும் வழியில பிரிச்சு படிச்சிட்டா?

மொத கடுதாசியே மக கத்தெரினா கல்யாணம். பொண்ணுக்கு 16 வயசு, மாப்பிள்ளை மார்க்கோ பரென்தி பட்டு வியாபாரி, 25 வயசு. வரதட்சணை 1000 ஃப்ளோரின், அந்த ஊர் தங்கக் காசு. அதுல பாதி எங்கருந்து வருதுன்னா, கவர்மென்டே நடத்துன வரதட்சணை ஃபண்டுலருந்து! 1425ல ஆரம்பிச்சது, பொண்ணு சின்னதா இருக்கும்போதே காசு கட்டி வெச்சா கல்யாணத்தப்ப பெருகி வரும். இன்னும் பெரிய குடும்பமா பாத்தா 1400, 1500 கேப்பாங்க, எங்கள அழிச்சுரும்னு எழுதுறா. பொண்டாட்டி எடுக்கிறவனுக்கு காசு வேணும்னு ஒரே வரி. எனக்கு நம்ம அக்கா சம்பந்தம் பேசுன நாள் அப்படியே கண் முன்னாடி வந்துச்சு, அந்த வீட்டுக்காரங்க ஒண்ணும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு சொல்லிக்கிட்டே லிஸ்ட்ட நீட்டுனது, உங்கப்பா பேனாவ மூடி மூடி தொறந்தது. சரி அத விடு. மார்க்கோ நல்லவன், பொண்ணுக்கு செவப்பு வெல்வெட்டுல கவுன் தெச்சான், இறகும் முத்தும் வெச்ச கிரீடம் மட்டும் 80 ஃப்ளோரின், வெளியில கெளம்பினா ஒடம்பு மேல 400 ஃப்ளோரினுக்கு மேல இருக்கும்னு அம்மாவுக்கு ஒரே பெருமை.

இத படிச்சிட்டு அந்தக் காலத்து பொண்ணுங்க போர்ட்ரெய்ட்ட பாரு. பக்கவாட்டுல மூஞ்சி, கழுத்துல நகை, கையில மடிப்பு மடிப்பா ஜரிகை, கண்ணு நம்மள பாக்கவே பாக்காது. அழகியல்னு நான் கிளாஸ்ல சொல்லிருக்கேன். அதுல கல்யாண லிஸ்டும் இருக்குடா. ஜோவன்னா டோர்னபுவோனின்னு ஒரு பொண்ணு, கிர்லாந்தாயோ வரைஞ்சது, மேட்ரிட்ல இருக்கு. 1488ல ரெண்டாவது பிரசவத்துல செத்துட்டா. படத்துலயே பின்னாடி ஒரு சீட்டுல லத்தீன்ல எழுதிருக்கு, கலையே, குணத்தையும் மனசையும் ஒன்னால வரைய முடிஞ்சா பூமியில இதவிட அழகான படம் இருக்காதுன்னு. பழைய ரோம் கவிஞன் மார்ஷியலோட வரிய எடுத்து கொஞ்சம் மாத்திக்கிட்டாங்க. பழைய லத்தீன திரும்ப எடுத்தாங்க திரும்ப எடுத்தாங்கன்னு பாடத்துல வருதே, அது கடைசியில போயி ஒரு செத்த பொண்ணு தலைக்கு பின்னாடி நிக்குது, நகை வரைஞ்சாச்சு ஆள வரையலன்னு ஒத்துக்குது.

இப்ப எனக்கு ரொம்ப புடிச்ச எடம். 1465. ஃபிலிப்போவுக்கு வயசு 37 ஆயிருச்சு, இன்னும் கல்யாணம் ஆகல (உன்னய சொல்லல). அலெஸ்ஸாண்ட்ரா ஞாயித்துக்கெழம காலையில மொத பூசைக்கு கதீட்ரலுக்கு போறா. அதிமாரி வீட்டு பொண்ணு அந்தப் பூசைக்குத்தான் வரும்னு பல நாளா போய் பாக்குறா. அன்னைக்கு தனாலி வீட்டு பொண்ணு வந்திருக்கு. யாருன்னே தெரியாம பக்கத்துல போய் உக்காந்து நல்லா பாத்துட்டா, ஒடம்பு வாட்டசாட்டம், கத்தெரினா ஒசரமோ கூடவோ இருக்கும், ரொம்ப வெளுப்பு இல்ல ஆரோக்கியமான நெறம், மூஞ்சி கொஞ்சம் நீளம், நடைய பாத்தா தூங்குமூஞ்சி இல்ல. அப்புறம் பின்னாடியே போய் யாரு வீடுன்னும் கண்டுபுடிச்சிட்டா! இது நடந்தது எந்த எடம்னு நெனச்சே? புருனெல்லெஸ்கியோட குவிமாடத்துக்கு அடியில. 40 லட்சம் செங்கல்லுக்கு மேல, கீழருந்து மரச்சாரம் முட்டுக்குடுக்காமலே எழுப்பினது, உலகமே அண்ணாந்து பாக்குது, இந்தம்மா அதுக்கு கீழ உக்காந்து மருமக நெறம் பாத்துக்கிட்டிருக்கா. நான் சிரிச்ச சிரிப்புல உங்கப்பா எந்திரிச்சு வந்துட்டாரு.

கடைசியில அதிமாரி வீட்டு ஃபியாமெத்தாதான் மருமக ஆனா.

இவளுக்கு படம் பத்தியும் அபிப்பிராயம் உண்டு தெரியுமா. 1460ல பையன் லொரென்ஸோ ப்ரூஜ் ஊருலருந்து (இப்ப பெல்ஜியம்) துணியில வரைஞ்ச படம் கொஞ்சம் அனுப்புறான். மூணு ராஜாக்கள் ஒண்ணு (திரும்பவும் அவங்கதான்!), மயில் ஒண்ணு, ஏசுவோட திருமுகம் ஒண்ணு. உருவம் எல்லாம் நல்லாருக்கு, மயிலும் நல்லாருக்கு, ஆனா சின்ன துணி, இங்க ஒண்ணுக்கு மூணு ஃப்ளோரின் கூட வருமோ வராதோன்னு எழுதுறா. திருமுகத்த மட்டும் நான் வெச்சுக்கிறேன், பக்தியான படம், அழகாவும் இருக்குன்னு. வெல, அழகு, சாமி, மூணும் ஒரே மூச்சுல. இவளோட ஊர்க்காரர்தான் ஆல்பெர்ட்டி, படம்ங்கிறது ஜன்னல் மாதிரின்னு 1435ல புத்தகம் எழுதினவரு. அவரே குடும்பம் பத்தியும் எழுதினாரு, அதுல ஒரு பெரியவர் சொல்றாரு, பொண்டாட்டிக்கு வீடு பூரா சுத்திக் காட்டுனேன், கணக்கு நோட்டயும் பேப்பரயும் மட்டும் பூட்டி வெச்சிட்டேன்னு. அதே ஊர்ல இந்தப் பொம்பள தனியா வரி கட்டி, நெலம் வித்து, கணக்கு எழுதி குடும்பத்த நிமித்துறா. அறிஞர்கள் எழுதுனதுல அந்தக் காலம் தெரியும்தான், எந்த கதவ பூட்டுனாங்கன்னும் சேத்து பாக்கணும்.

ஆனா அவள ரொம்ப தூக்கி வெக்கவும் மனசு வரல. வீட்டுல அடிமை வெச்சிருந்தா. 1465 கடுதாசியில ஃபிலிப்போவுக்கு எழுதுறா, அடிமை வாங்குறதா இருந்தா தார்த்தார் இனத்து பொண்ணா பாரு, ஒழைக்கிறதுக்கு அவங்கதான் லாயக்குன்னு. ஏதோ மிக்ஸி வாங்குற மாதிரி. 20 வருஷம் கழிச்சு 1486ல பிக்கோ, அதே ஊர் அறிஞருங்க வட்டத்து ஆளு, மனுஷன் தான் என்னவா ஆகணும்னு தானே தீர்மானிக்கலாம்னு அந்தப் பெரிய உரைய எழுதுறாரு. அத போர்டுல எழுதிப் போட்டு மனிதநேயம்னு கோடு கிழிச்சு நடத்தினவதான் நான். அந்த தார்த்தார் பொண்ண யாரும் கேக்கல, நானும் கேக்கல.

இப்ப உன் கல் கட்டடம். 1466ல தடை நீக்கி ஸ்ட்ரோட்ஸி பசங்கள ஊருக்குள்ள விட்டாங்க, அலெஸ்ஸாண்ட்ரா 1471ல போயிட்டா. ஃபிலிப்போ நேப்பிள்ஸ்ல சேத்த காசோட 1489ல அந்த வீட்ட ஆரம்பிச்சான், மெடிச்சி வீட்ட விட பெருசா. ஆனா அப்ப ஊர் அதிகாரம் கையில வெச்சிருந்த லொரென்ஸோ மெடிச்சி கண்ணு படக்கூடாதே, அதனால சின்ன வீடு போதும், கீழ கடை கட்டி வாடகைக்கு விடுறேன்னு நடிச்சானாம், லொரென்ஸோவே அதெல்லாம் ஊருக்கு அழகா இருக்காது பெருசா கட்டுன்னு சொல்ற மாதிரி பண்ணிட்டானாம். ஃபிலிப்போவோட பையன் எழுதி வெச்சது, அப்பன் பெருமைக்கு கொஞ்சம் சேத்துருப்பான். ஜெயில் மாதிரி இருக்குன்னு சொன்னியே, 30 வருஷமா வெளிய நிக்க வெச்சவங்களுக்கு காட்ட கட்டுன சுவரு அப்படித்தான் இருக்கும். முடியறதுக்குள்ள 1491ல அவனும் போயிட்டான்.

அஸ்திவாரம் போட்டது ஆகஸ்ட் 6, சூரியன் உதிக்கிற நேரம், ஜோசியர் குறிச்சுக் குடுத்த முகூர்த்தம். பகுத்தறிவு யுகம்னு நோட்ஸ்ல குடுத்திருக்கேன் பாரு! அன்னைக்கு காலையில திரிபால்தோ தெ ரோஸ்ஸின்னு ஒரு சின்ன கடைக்காரர் அந்தப் பக்கம் போறாரு, லில்லிப்பூ போட்ட பழைய காசு ஒண்ண ஞாபகத்துக்கு குழிக்குள்ள போடுறாரு. அதோட விடல, வீட்டுக்கு ஆளனுப்பி குழந்தைங்கள கூட்டிட்டு வரச் சொல்றாரு. பையன் குவார்னியேரிக்கு நாலு வயசு ரெண்டு நாள். அவனயும் தூக்கிக் காட்டி காசு போட வெக்கிறாரு, அவன் கையில ரோஜா கொத்து இருந்துச்சு, அதயும் உள்ள போடுன்னாரு. இத நீ ஞாபகம் வெச்சுக்குவியான்னு கேட்டாரு. ம்னு சொன்னானாம். டைரியில எழுதி வெச்சிருக்காரு.

அந்த ரோஜா உன் போட்டோவுல நீ நிக்கிற எடத்துக்கு பக்கத்துலதான் எங்கயோ கீழ இருக்கணும். அடுத்த தடவை போனா க்யூவுல நின்னாவது உள்ள முற்றம் வரைக்கும் போயிட்டு வா, எனக்கு ஒரு வீடியோ எடு, பேசாம எடு.

பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் செவ்வாக்கெழம அனுப்பிருக்கேன். வந்ததும் வந்துச்சுன்னு ஒரு வார்த்தை போடு.

அம்மா