50 கேபிக்காக ஆதார் ஊர் சுற்ற வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் இணைப்பிதழில் பிடிஎஃப் வேலைகளுக்கு உதவும் இலவச இணையதளங்கள் என்று அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். சைஸ் குறைக்க, இரண்டு ஃபைலைச் சேர்க்க, வேர்டாக மாற்ற, பாஸ்வேர்டை எடுக்க என்று ஏழெட்டு முகவரிகள். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தத் தளங்களில் ஏற்றுகிற ஃபைல் எங்கே போகிறது என்று ஒரு வரிகூட இல்லை. சத்துவாச்சாரியில், கலெக்டர் ஆபீஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன் நான். அந்த ஒரு வரியை எழுதி அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை குறைதீர்வு நாள் என்றால் காலை எட்டு மணிக்கே கடை வாசலில் ஆள் நிற்கும். அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம், பேரணாம்பட்டு என்று முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்கள். மனு அடிக்கப் பாதிப் பேர், ஆன்லைனில் ஏதாவது விண்ணப்பம் போட மீதிப் பேர். மனு அடிப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை, பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஆள், தமிழ் ஹையர் பாஸ் பண்ணியவன், விரல் தானாக ஓடும். கஷ்டமெல்லாம் ஏற்றுவதில்தான். ஒரு தளம் போட்டோவை 50 கேபிக்குள் கேட்கும், இன்னொன்று சான்றிதழை 200 கேபிக்குள் கேட்கும், வேறொன்று எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக 1 எம்பிக்குள் கொடு என்று நிற்கும். வருகிறவர் கையில் இருப்பதோ போனில் எடுத்த 4 எம்பி படம். பின்னால் பத்துப் பேர் வரிசையில். அந்த நேரத்தில் கடைக்காரன் என்ன செய்வான்? கூகுளில் தட்டி, முதலில் வருகிற தளத்தைத் திறந்து, ஆதாரை அதில் போட்டு, சுருங்கி வந்ததை இறக்கி ஏற்றிவிட்டு, ‘அடுத்தது யாரு’ என்பான். நானும் அதைத்தான் வருடக்கணக்காகச் செய்தேன்.

எனக்கு உறைத்தது மூன்று வருடத்துக்கு முன்னால். அப்படி ஒரு தளம் (பேர் வேண்டாம்) ஒரு நாளைக்கு இத்தனை ஃபைலுக்கு மேல் என்றால் கணக்குத் திற என்றது. சரி என்று கடை மெயிலைக் கொடுத்துத் திறந்துவிட்டேன். சில மாதம் கழித்து ஒரு நாள் மதியம், கரண்ட் வந்ததும் மறுபடி உள்ளே போனபோது, என்றைக்கும் பார்க்காத ஒரு பக்கத்தில் கை பட்டுவிட்டது. ‘சமீபத்திய ஃபைல்கள்’ என்று வரிசையாக நிற்கிறது. முதியோர் உதவித்தொகைக்கு வந்த ஒரு அம்மாவின் ஆதார், ஒரு பெண்ணின் சாதிச் சான்றிதழ், யாருடையதோ விவாகரத்து மனு, ஒரு பையனின் பேங்க் ஸ்டேட்மென்ட், எல்லாம் நானே வைத்த பெயரில். அதையெல்லாம் அழிக்க ஒரு பொழுது ஆயிற்று. அழித்தேன் என்று நான் நினைக்கிறேன், அங்கே அழிந்ததா என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம். அந்த அம்மா என்னை ‘நைனா’ என்று கூப்பிடுவார். அன்றைக்கு அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அதற்கு முன்னால் ஆறு வருடம் காந்தி ரோட்டுப் பக்கம் சந்தில் கடை. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காளிகள், அசாம்காரர்கள், எல்லை தாண்டி பங்களாதேஷிலிருந்து வருகிறவர்கள்தான் அங்கே வாடிக்கை. பாதி வேலூர்க் கடைக்காரர்களுக்கு வங்காளி பேச வரும், எனக்கும் கொஞ்சம் வரும். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி ஊரில் இருக்கும் டாக்டருக்கு அனுப்பச் சொல்வார்கள். அவற்றில் எத்தனையை எந்தெந்தத் தளத்தில் போட்டுச் சுருக்கினேனோ. ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறது என்பது அவர் பெண்டாட்டிக்குத் தெரிவதற்கு முன்னால் முகம் தெரியாத ஒரு சர்வருக்குத் தெரிந்திருக்கும்.

இத்தனைக்கும் அந்த வேலையில் வெளியே அனுப்ப வேண்டியது எதுவும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பிடிஎஃப் பெரிதாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் படம் பெரிது என்று அர்த்தம். கலரை கிரேயாக்கி, 150 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 150 புள்ளி) கொண்டுவந்தால் பத்தில் ஒரு பங்காகக்கூடச் சுருங்கிவிடும். நம் மேஜையில் இருக்கிற பத்து வருடப் பழைய கணினியே இதைச் சில நொடியில் செய்யும். நெட் மெதுவாக இருக்கிற நாளில் ஏற்றி இறக்குவதைவிட இதுதான் சீக்கிரமும்கூட.

இப்போது கடையில் நான் வைத்திருப்பதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பிடிஎஃப் வேலைக்கு பிடிஎஃப்24 கிரியேட்டர், ஜெர்மன்காரர்கள் போடுவது, கடைக்கும் இலவசம். ஜாக்கிரதை, அதே பெயரில் இணையத்தில் ஏற்றிச் செய்யும் பக்கமும் இருக்கிறது, நான் சொல்வது கணினியில் நிறுவுவதை. போட்டோவுக்கு இர்ஃபான்வியூ. இர்ஃபான் ஸ்கில்யான் என்ற ஒரே மனிதர் 1996லிருந்து எழுதிக்கொண்டிருக்கும் சின்ன மென்பொருள். பிளகின் என்ற கூடுதல் துணுக்கைச் சேர்த்துவிட்டால் இத்தனை கேபி வேண்டும் என்று எண்ணைக் கொடுத்தால் போதும், அதற்குள் சேமித்துத் தரும். வீட்டுக்கு இலவசம், கடைக்குக் காசு. நான் கட்டினேன், இதைப் பெருமைக்காகவும் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் அடிக்க என்எச்எம் ரைட்டர், பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையும் அதில் உண்டு. வானவில், பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய மனுக்களை யூனிகோடாக்க (எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் பொது முறை) என்எச்எம் கன்வெர்ட்டர். தமிழக அரசு யூனிகோடுக்கு மாறியது 2010ல், ஆனால் பத்திரம், தீர்ப்பு நகல் என்று பழைய எழுத்துருவில் இன்னும் ஃபைல் வந்துகொண்டேதான் இருக்கிறது. அதையும் ஆன்லைன் மாற்றியில் பக்கம் பக்கமாக ஒட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். அப்புறம் 7-ஜிப். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி மெயிலில் அனுப்பிவிட்டு, பாஸ்வேர்டைப் போனில் சொல்லிவிடலாம்.

பாஸ்வேர்டு என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். இ-ஆதார் பிடிஎஃப் பூட்டோடு வரும், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் சாவி. பூட்டிய ஃபைலை ஏற்றினால் சில தளங்கள் வாங்காது. உடனே ஜனங்கள் ‘அன்லாக்’ தளத்துக்குப் போய் ஆதாரையும் போட்டு, சாவியையும் தட்டுகிறார்கள். பீரோவைத் தூக்கிக் கொடுத்து, சாவியையும் அதன் மேலேயே வைப்பது போல. உங்கள் கட்டுரையிலும் அப்படி ஒரு முகவரி இருந்தது. பூட்டை எடுக்கத் தனியாக எந்த மென்பொருளுமே வேண்டாம். ஃபைலை குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ திறந்து, சாவியைப் போட்டு, பிரின்ட் கொடுத்து, பிரின்டருக்குப் பதிலாக ‘பிடிஎஃப்பாகச் சேமி’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பூட்டில்லாத நகல் உங்கள் கணினியிலேயே வந்துவிடும்.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு அறிக்கை விட்டது, ஞாபகம் இருக்கும். கண்டவர்களிடம் ஆதார் நகல் தராதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள், பிரவுசிங் சென்டரில் இறக்கினால் எல்லா நகலையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று. இரண்டே நாளில் தப்பாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று வாபஸ் வாங்கிவிட்டார்கள். பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற எனக்கு அந்த அறிக்கை சரியாகத்தான் புரிந்தது.

கணினிக்குள்ளேயே செய்கிற மென்பொருள் என்றால் எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. சிகிளீனர் என்று ஒன்று, குப்பை பெருக்க எல்லாக் கடையிலும் வைத்திருப்போம். 2017ல் அதன் 5.33 பதிப்புக்குள், தயாரித்தவர்களுக்கே தெரியாமல், யாரோ கள்ள நிரலை ஏற்றிவிட்டார்கள். சொந்தத் தளத்திலிருந்தே ஒரு மாதம் போல அது இறங்கிக்கொண்டிருந்தது, 22 லட்சம் கணினிகளுக்கு மேல் போயிற்று. அப்போது அதை வாங்கியிருந்த அவாஸ்ட், தன் ஆன்டிவைரஸைப் போட்டவர்கள் எந்தெந்தப் பக்கம் பார்த்தார்கள் என்பதை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றுக்கொண்டிருந்தது வெளியே வந்து, 2020ல் அந்தக் கடையை மூடினார்கள். 2024ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஒரு கோடியே 65 லட்சம் டாலர் கட்டவைத்தது. காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக் கதையை விற்ற கேஸ்.

அதனால் நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். புதிதாக எதைப் போட்டாலும் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பேன். படம் சுருக்கும் மென்பொருளுக்கு நெட் எதற்கு? கேட்டால் அன்றைக்கே வெளியே. மறுபடி கேபிளைச் சொருகியதும் அது எதையாவது அனுப்பலாம், அதை இந்தச் சோதனை பிடிக்காது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஆட்டோரன்ஸ் என்பதையும் வைத்திருக்கிறேன், கணினியைப் போட்டதும் நம்மைக் கேட்காமல் எழுந்து உட்காருபவை எவை எவை என்று பட்டியல் போடும். முதல் தடவை பார்த்தபோது பாதிப் பெயர் எனக்கு அறிமுகமே இல்லை, என் கணினியில்!

விண்டோஸிலேயே இருக்கும் வசதியையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் பொத்தானோடு ‘வி’யை அழுத்தினால் கடைசியாக காப்பி செய்த 25 வரை வரிசையாகக் காட்டும். வசதி நிறுத்தி வைத்திருந்தால், போடவா என்று அதுவே கேட்கும். எனக்கு மனு அடிக்க ரொம்ப சௌகரியம். ஆனால் கடைக் கணினியில் முன்னால் வந்தவரின் பேங்க் கணக்கு எண்ணும் அதில் நிற்கும். இரவு ஷட் டவுன் செய்யாமல் ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் போகிற கடைகளில் மறுநாளும் நிற்கும். வாடிக்கையாளர் உட்காரும் இரண்டு கணினியிலும் அதை நிறுத்திவிட்டேன்.

அந்த இரண்டும் விண்டோஸ் 10ல் ஓடியவை. 2025 அக்டோபர் 14 அன்று அதற்கு அப்டேட் தருவதை நிறுத்தி மைக்ரோசாஃப்ட் கை கழுவிவிட்டது. 11க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், என் பழைய ஐ3 கணினியில் கிடையாது. வீட்டில் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வருடம் கூடுதல் அப்டேட் கொடுத்தார்கள், அதற்கும் கணக்குத் திற என்ற நிபந்தனையோடு. காசு கொடுத்து வாங்கிய பெட்டி, அதற்கு அப்டேட் வாங்க அவர்களிடம் பெயர் பதிய வேண்டும். ஒன்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன், பிள்ளைகள் விண்ணப்பம் போடத் தாராளமாகப் போதும். இதைச் சொல்லும்போது வெட்கமாகவும் இருக்கிறது. அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது, அதைத் தூக்கிவிடச் சொல்லிப் பையன்கள் வருவார்கள், 200 ரூபாய் வாங்கிக்கொண்டு எத்தனையோ லேப்டாப்பில் தூக்கிக் கொடுத்தவனும் நான்தான்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017ல் சொன்னார்கள். 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. நல்லது. ஆனால் அதே அரசின் விண்ணப்பத் தளங்கள் 200 கேபி, 50 கேபி என்று கழுத்தைப் பிடிப்பதால்தான் ஒடுகத்தூர் அம்மாவின் ஆதார் கண்காணாத தேசத்துக்குப் போகிறது. ஏற்றும் இடத்திலேயே, அனுப்புவதற்கு முன் நம் பிரவுசருக்குள்ளேயே, படத்தைச் சுருக்கிவிட முடியும், அந்த வசதி எல்லா பிரவுசரிலும் எத்தனையோ வருடமாக இருக்கிறது. ‘பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, கொடுங்கள், நாங்களே சுருக்கிக்கொள்கிறோம்’ என்று ஒரு தளம் சொன்னால் என் கடை வரிசையும் பாதியாகக் குறையும், எனக்கு வருமானமும் கொஞ்சம் குறையும், அது வேறு.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்த அரைப்பக்கத்தை எங்கள் தெருவில் இரண்டு கடைக்காரர்கள் வெட்டி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள், நேற்றுப் பார்த்தேன். அதே இடத்தில், அதே அளவில், கணினிக்குள்ளேயே செய்யும் வழிகளை ஒரு தடவை போடுங்கள். அவர்கள் அதையும் வெட்டி ஒட்டுவார்கள். பழையதைக் கிழிக்க நானே போய்ச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டிடிபி கடைக்காரன்,
சத்துவாச்சாரி, வேலூர்.