டெஸ்ட் ரிசல்ட்டும் பார்டர் தாண்டி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல இருந்து எழுதுறேன். போன வருஷம் எங்க அம்மாவுக்கு டிபின்னு சொன்னாங்க, இங்க ஒரு ஆஸ்பத்திரியில எடுத்த சளி டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாத்தையும் தூக்கிட்டு புதுச்சேரியில இன்னொரு இடத்துக்குப் போனா முதல்லருந்து திரும்ப எடுங்கன்னுட்டாங்க, பஸ்ஸுல அலைஞ்சே அம்மா பாதியா போயிட்டாங்க.

ஆஸ்பத்திரிங்க சேர்ந்து வேலை செய்ய முடியாதுன்னு இல்லீங்க. 2013ல தொடங்குன ரிப்போர்ட் இந்தியாங்கிற டிபி ஆராய்ச்சிக் கூட்டமைப்புல புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி, வேலூர் சிஎம்சி, சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், புனே பிஜே மெடிக்கல் காலேஜ் எல்லாம் இருக்கு, விவரம் சேகரிக்கிறதும் சாம்பிள் எடுக்கிறதும் பொதுவான ஒரே முறையில, அதனாலதான் ஒரு ஊரு கணக்கை இன்னொரு ஊரு கணக்கோட சேர்த்துப் பார்க்க முடியுது. ஜிப்மர் பக்கத்து ஆய்வுல சேர்ந்தவங்க புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் ஜனங்கதான், நம்ம ஜனங்க! அபூர்வமான நோய்னா ஒரே ஆஸ்பத்திரியில போதுமான ஆளே கிடைக்காது, பல இடம் சேர்ந்தாத்தான் மருந்து வேலை செய்யுதான்னு தெரியும்.

புதுச்சேரியில 1975லருந்து கொசு மாதிரி நோய் பரப்புற பூச்சிங்களை ஆராயுற விசிஆர்சிங்கிற மத்திய அரசு நிறுவனம் இருக்கு, சிதம்பரத்துல கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் இருக்கு. இவங்களையும் மாவட்ட ஆஸ்பத்திரிகளையும் ஜிப்மரோட நிரந்தரமா இணைங்க, ஒரு புராஜெக்ட் பணம் முடிஞ்சதும் கலைஞ்சு போற மாதிரி வேண்டாம். ஆய்வுல சேர்றவங்களுக்குப் பாதிப்பு வராதான்னு பார்க்கிற நெறிமுறைக் குழுவோட அனுமதியை ஒவ்வொரு இடத்துலயும் தனித்தனியா மாசக்கணக்குல இழுக்காம பொதுவா ஒண்ணு வைக்கலாம். ஆய்வுக்கு ரத்தம் குடுத்தவங்களுக்கு அதுல என்ன தெரிஞ்சதுன்னு தமிழ்ல ஒரு தாள்ல எழுதிக் குடுங்க.

இப்படிக்கு,
கடலூர் வாசகர்