பெயர் எழுதாத பிடில்

தேவிபட்டினம்
மாசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. மாடிக்குத் துணி காயப்போட நீ போ, அவளை ஏறவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். வாடை ஓய்ந்து கடல் படிந்துவிட்டது. நெத்திலி வரத்து நன்றாக இருக்கிறது, விலையைத்தான் கேட்கக் கூடாது. பேத்தி ராமநாதபுரத்தில் வயலின் வகுப்புக்குப் போகிறாள், ஜண்டை வரிசையில் நிற்கிறாள். அவள் சாதகம் செய்யும் நேரத்தில் பூனைகூட வீட்டில் தங்குவதில்லை.

சேதிக்கு வருகிறேன். கச்சேரிகளையெல்லாம் நாடாவில் பிடித்து வைத்த நம் பெரிய சாரின் மகன் வந்து வீட்டைக் காலி செய்தார். பாத்திரம் பண்டமெல்லாம் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டன. இரண்டு டிரங்குப் பெட்டிகளை மட்டும் என் திண்ணையில் இறக்கி, "இதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத்தான் இந்தப் பைத்தியம் உண்டே" என்றார். பைத்தியம் என்றதில் எனக்கு வருத்தமில்லை. பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமல் தூக்கிக்கொண்டு வந்தாரே, அதற்கே கும்பிட வேண்டும்.

ஒரு பெட்டி முழுக்கக் கேசட். இன்னொன்றில் கூடில்லாமல் திறந்த சக்கரத்தில் சுற்றிய ஸ்பூல் நாடாக்கள். அடியில் பழைய வேட்டியில் சுற்றிய சில அரக்கு இசைத்தட்டுகள். தட்டுகளில் துவாரம் வேங்கடசாமி நாயுடுவின் வயலின் இருக்கிறது. பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். அதற்குள் ராகத்தின் முகத்தைக் காட்டிவிடுகிறார் மனிதர். பின்னால் வந்த, நெடுநேரம் ஓடும் எல்.பி. தட்டுக்கான ஊசியை இதில் வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. அது 25 மைக்ரான். இந்தத் தட்டின் பள்ளத்துக்கு 75 மைக்ரான் அகலம் வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் இறங்கி, அங்கே கிடக்கும் தூசியை வாசித்துக்கொண்டிருக்கும்.

கேசட்டுகளில் பாதி வானொலியிலிருந்து பிடித்தவை, அதிலும் இலங்கை வானொலி அதிகம். நினைவிருக்கிறதா, இந்தக் கரையில் திருச்சியைவிடக் கொழும்புதான் தெளிவாகக் கேட்கும். மத்திய அலை தரையின் மேல் போவதைவிட உப்புத் தண்ணீரின் மேல் வலுக் குறையாமல் போகும் என்று நீதான் அப்போது விளக்கம் சொன்னாய். சார் அலுங்காமல் பிடித்திருக்கிறார். ஆனால் உப்புக் காற்று தன் வேலையைக் காட்டியிருக்கிறது. திருகாணிகள் துருவேறித் திரும்ப மறுக்கின்றன. நாடாவை மெஷினின் ஹெட்டோடு, அதாவது ஒலியைப் படிக்கும் முனையோடு, அழுத்திப் பிடிக்கும் அந்தச் சின்னக் கம்பளித் துண்டு பல கேசட்டுகளில் கழன்று உள்ளேயே உருண்டுகொண்டிருக்கிறது. நாடாவுக்குப் பழுதில்லை. புதுக் கூட்டுக்கு மாற்றினால் பாடுகிறது.

ஸ்பூல்கள்தான் கவலை. சிலவற்றைத் திறந்ததும் காடி வாசனை மூக்கில் ஏறியது. ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். சுற்றின் பக்கவாட்டில் வெளிச்சம் ஊடுருவிப் பழுப்பாகத் தெரிந்தால் நாடா அசிடேட் பிளாஸ்டிக். இருட்டாக நின்றால் பாலியெஸ்டர் பிளாஸ்டிக். அசிடேட் காடித்துப் போகும், சுருங்கும், ஓரம் நெளியும். ஆனால் அறுந்தால் சுத்தமாக அறும், ஒட்டிக்கொள்ளலாம். பாலியெஸ்டர் அறுவதற்கு முன் நீண்டுவிடும். நீண்ட இடத்துச் சங்கீதம் போனது போனதுதான். காடி வாசனை உள்ளவை பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும் என்பதால் அவற்றைத் தனியே பிரித்து வைத்துவிட்டேன்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. ஒரு ஸ்பூல் அட்டையில் சார் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "பங்குனி உற்சவம். பாட்டு: தொண்டை கட்டு. பிடில்: பிரமாதம்." அவ்வளவுதான். எந்தக் கோயில், எந்த வருஷம், யார் பாட்டு, யார் பிடில், ஒன்றும் இல்லை. வழக்கமாக அவர் நாடாவின் தொடக்கத்தில் தன் குரலிலேயே விவரம் சொல்லி வைப்பார். இதில் தொடக்கம் அறுந்துபோயிருக்கிறது.

இரவல் மெஷினில் கேட்டேன். பாடுகிறவர் பெரிய வித்துவான் என்பது தெரிகிறது. அன்றைக்குக் குரல் ஒத்துழைக்கவில்லை. கரகரப்பிரியா ராகத்தில் மேல் ஷட்ஜத்தை, அந்த உச்சி 'ஸ'வை, எட்டும்போதெல்லாம் பிசிறு தட்டுகிறது. பிடில்காரர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். குரல் உடையும் கணத்தில் வில் அதே ஸ்வரத்தில் சன்னமாக நிற்கிறது. பாடகர் எச்சில் விழுங்கிக்கொண்டு திரும்பி வரும்வரை நிற்கிறது. அவர் வந்ததும் விலகிவிடுகிறது. பிறகு தன் முறை வந்தபோது, மனிதர் மேல் ஸ்தாயிப் பக்கமே போகவில்லை. பாடகரால் எட்ட முடிந்த எல்லைக்குள்ளேயே ராகத்தை முழுதாக விரித்துவிட்டு வில்லை எடுத்துவிட்டார். கூட்டத்தில் யாரோ ஒருவர் மட்டும் "பேஷ்" என்கிறார். என் ஊகம், அது சார்தான்.

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் வெள்ளைக்காரரிடம் பிடில் கற்று, பின்னால் எட்டயபுரம் அரண்மனையில் வித்துவானாக இருந்தது நமக்குத் தெரியும். அவர் பெயர் இருக்கிறது, வாசிப்பு ஒரு விநாடிகூட இல்லை. இவருடைய வாசிப்பு முக்கால் மணி நேரம் இருக்கிறது, பெயர் இல்லை. இது இவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. பெட்டி முழுக்கப் பார்த்தேன், அட்டைகளில் பாடகர் பெயர்தான். பக்கவாத்தியம் என்று எழுத ஒரு வரி யாருக்கும் கை வரவில்லை. நம் பாடகர் ராமநாட் கிருஷ்ணன் 1960-களில் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபோது அங்கே ஓர் எல்.பி. வெளியாயிற்று. அதன் உறையில் வயலின் வி. தியாகராஜன், மிருதங்கம் டி. ரங்கநாதன் என்று ஒழுங்காக அச்சிட்டிருக்கிறார்கள். நம் கோயில் பந்தலில் உட்கார்ந்து வாசித்தவருக்கு அந்த மரியாதை இல்லை.

இங்கேதான் உன்னோடு எனக்குச் சண்டை. "எல்லாவற்றையும் சரிசெய்து, பீரோவில் வைத்துப் பூட்டு, தகுந்த ரசிகர் கேட்டால் மட்டும் கொடு, ஊருக்கெல்லாம் கொடுத்தால் மவுசு போய்விடும்" என்று எழுதியிருந்தாய். நீ சொல்கிற அந்த வகை மனிதர் ஒருவரை நானும் அறிவேன். அபூர்வமான கச்சேரி என்பார், ஐந்து நிமிடம் போடுவார், நாம் தலையை ஆட்டத் தொடங்கும்போது நிறுத்திவிடுவார். பதிலுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்பார். அவர் காலமான பிறகு அந்த நாடாக்கள் எங்கே போயின என்று அவர் வீட்டாருக்கே தெரியவில்லை. மவுசு மட்டும் பத்திரமாக இருந்திருக்கும்.

ஒரே பிரதி ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று இந்தக் கரையில் பிறந்தவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஓர் இரவில் போயிற்று. எதிர்க்கரையில் 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது, வேறெங்கும் இல்லாத ஓலைச்சுவடிகளும் சேர்ந்து போயின. புயலும் நெருப்பும் வராவிட்டாலும் காடி இருக்கிறது.

ஆனால் என் முக்கியமான காரணம் அதுவல்ல. இந்தப் பிடில்காரர் யாரென்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாமல் போகலாம். தெரிந்தவர் எங்கேயோ இருக்கிறார். அவருடைய மாணவரோ பேரனோ அந்த வில்லைக் கேட்ட மாத்திரத்தில் "இது எங்கள் தாத்தா" என்பார். அந்தக் காதுக்குப் போய்ச் சேராமல் பீரோவுக்குள் பூட்டிவிட்டால் பெயர் எப்படி வரும்?

அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. வர்ஜீனியாவில் கிளென் லின் என்ற சின்ன ஊரில் ஹென்றி ரீடு என்று ஒரு கிழவர், வெளியுலகம் அறியாத நாட்டுப்புறப் பிடில்காரர். ஆலன் ஜபூர் என்ற இளைஞர், தானும் பிடில் வாசிப்பவர், 1966-67-ல் டேப் மெஷினோடு போய் அவர் வாசித்த மெட்டுகளைப் பதிந்தார். கிழவர் 1968-ல் காலமானார். பூட்டி வைத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஜபூரும் நண்பர்களும் அந்த மெட்டுகளைக் கற்று வாசித்தார்கள். பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே பதிவுகளை எல்லோரும் கேட்கும்படி குறிப்புகளோடு இணையத்தில் வைத்தது. இன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திராத பிள்ளைகள் அவர் மெட்டுகளை வாசிக்கிறார்கள். அயர்லாந்தின் பிடில்காரர் மைக்கேல் கோல்மனையும் சொல்லலாம். நியூயார்க்கில் அவர் கொடுத்த தட்டுகள் கப்பலேறித் தாய்நாட்டுக்குப் போய் அங்குள்ளவர்களின் கையையே மாற்றின. மவுசு குறைந்ததாக யாரும் புகார் சொல்லவில்லை.

சட்டம் என்று நீ எழுதியது நியாயம்தான். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியான ஒலிப்பதிவுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. பழைய அரக்குத் தட்டுகள் அதைத் தாண்டியவை, தொல்லையில்லை. சார் பந்தலில் உட்கார்ந்து பிடித்தவை எங்குமே வெளியாகாதவை. அவற்றைப் பொறுத்தவரை, பெயர் தெரிந்த வித்துவான்களின் வீட்டாரைக் கேட்காமல் ஒன்றும் செய்யப் போவதில்லை. சாரின் மகனிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டேன். பெயர் தெரியாத பிடிலிலிருந்து சில நிமிடங்களை மட்டும், "இவர் யார்?" என்று கேட்டு வெளியிட எண்ணம்.

இரைச்சலை நீக்கித் தருவதாக உன் மகன் சொன்னானாம். அவனுக்கு என் நன்றியைச் சொல். நீக்கிய பிரதி ஒன்று இருக்கட்டும், தனியாக. மூலத்தில் கை வைக்கக் கூடாது. அந்த மென்பொருள் இரைச்சலோடு தம்புராவையும் வழித்துவிடுகிறது. வில் தந்தியைக் கவ்வும் அந்தச் சின்னச் சொரசொரப்பும் போய்விடுகிறது. "பேஷ்" போனாலும் எனக்கு ஆகாது. கணினியில் ஏற்றும் மூலம் நுட்பம் குறையாத தரத்தில், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். மணிக்கு 2 ஜிபி ஆகும், ஆகட்டும். உன்னிடம் ஒரு பிரதி, சாரின் மகனிடம் ஒன்று, என்னிடம் ஒன்று; பிறகு வாங்கிக்கொள்ள முன்வரும் சங்கீத ஆவணக் காப்பகத்துக்கு ஒன்று.

அதற்கு உன் மெஷின் வேண்டும். இரவல் மெஷினின் ஓட்டத்தை நம்ப முடியவில்லை. கணினியில் பார்த்தால், பதிவின்போது மின்சாரத்திலிருந்து நாடாவில் ஏறிய, 50 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 50 அதிர்வு) இருக்க வேண்டிய ரீங்காரம் 53-ல் இருக்கிறது. 6 சதவீதம் ஓட்டம் கூடினால் பாடகர் பாடிய சுருதியின் உயரம் அரைக் கட்டை ஏறிவிடும். ஒன்றரைக் கட்டைக்காரரை இரண்டு கட்டைக்கு ஏற்றி உட்கார வைத்து, இவர் யார் என்று ஊரைக் கேட்டால் யார் அடையாளம் சொல்வார்கள்? நம்மூர் மின்சாரமும் 50-ல் ஆணி அடித்தாற்போல் நின்றதில்லை என்பதால் ரீங்காரத்தை மட்டும் நம்பவும் கூடாது. உன் காது வேண்டும்.

பங்குனியில் திருப்புல்லாணி உற்சவத்தை ஒட்டி வா. மெஷினைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அலையாதே. ராமேஸ்வரம் ரயிலில் ஏறி ராமநாதபுரத்தில் இறங்கு, நான் ஆட்டோவோடு நிற்கிறேன். ஹெட் துடைக்கும் ஆல்கஹால் இங்கே மருந்துக் கடையில் கிடைக்கிறது. நாடா ஒட்டும் டேப் கிடைக்கவில்லை, அதையும் மெஷினுக்கு உபரியாக ஒரு பெல்ட்டையும் எடுத்து வா. தங்கச்சியையும் அழைத்து வந்தால் நல்லது. எங்கள் வீட்டில் மாடி கிடையாது.

உன் மச்சான்