டோக்கியோ தூரமாகிவிட்டது

ஹெல்சிங்கி

அன்புள்ள கல்யாணி,

உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளைக்குக் கோவைக்கே மாற்றல் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம்.

"டோக்கியோ உனக்குக் கிட்டத்தானே, அக்காவை அடிக்கடி பார்க்கலாமே" என்று எழுதியிருந்தாய். முன்பு கிட்டத்தான் இருந்தது. பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பார், சுமார் 7,800 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த நூல் பெரும்பாலும் ரஷ்யாவின் மேலேதான் கிடக்கும். அந்த வழியில் ஒன்பதரை மணி நேரத்தில் போய் இறங்கிவிட முடிந்தது. உக்ரைன் போர் தொடங்கி, 2022 பிப்ரவரி கடைசியில் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் மாற்றி மாற்றித் தங்கள் வானத்தை அடைத்தன. அதோடு போயிற்று அந்த வழி.

இப்போது ஏறக்குறைய 13 மணி நேரம். இங்கிருந்து போகும்போது தெற்கே இறங்கி, கருங்கடல், காகசஸ், கஸகஸ்தான், சீனா, கொரியா என்று சுற்றிப் போனோம். உயரத்தில் மேற்கிலிருந்து அடிக்கிற வேகக்காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும். திரும்பும்போது அதுவே எதிர்க்காற்று. அதனால் வட பசிபிக், பெரிங் நீரிணை, அப்புறம் வட துருவம், நார்வே. கிட்டத்தட்ட 13,000 கிலோமீட்டர்! விமான எரிபொருள் மைனஸ் 47 டிகிரி வாக்கில் உறையத் தொடங்குமாம். துருவத்துக் குளிரில் விமானிகள் தொட்டியின் வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். துருவம் கடந்ததற்கு ஒரு சான்றிதழ் வேறு கொடுத்தார்கள், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இந்த வழி புதியதும் அல்ல. 1983-இல் எங்கள் பின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்ஏர், டிசி-10 விமானத்தில் துருவத்தின் வழியாக, நடுவில் எங்கும் நிற்காமல் டோக்கியோவுக்குப் பறந்தது. சோவியத் வானம் கிடைக்காத காலம் அது. அன்றைக்கும் 13 மணி நேரம்தான். மற்ற ஐரோப்பிய விமானங்கள் பல அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிப் போய்க்கொண்டிருந்தன. நாற்பது வருடத்தில் விமானம் எவ்வளவோ மாறிவிட்டது, நேரம் மட்டும் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. இதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

"மூன்றரை மணி நேரம்தானே கூடுதல்" என்று யாராவது சொன்னால் கோபம் வருகிறது, கல்யாணி. அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒன்பது மணி நேரம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அதற்கு மேல் ஒரேயடியாகக் காலைத் தொங்கவிட்டு உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கோடை தவறாமல் இங்கே வந்துகொண்டிருந்தவள் இப்போது வருவதில்லை. போருக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம், சொல்.

சரி, தை மாதம் நாங்கள் இரண்டு பேரும் கோவைக்கே வந்துவிடுவதாகப் பேசியிருக்கிறோம். அவள் சிங்கப்பூரில் இறங்கி, ஒரு நாள் தங்கி, கால்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வருவாள். அவளால் மாடி ஏற முடியாது. கீழே இருக்கும் அறையை மட்டும் ஒழித்து வை.

அன்புடன்,
வசந்தா