ஐம்பது வெள்ளியில் முடிகிற விஷயமா? வேன், லாரி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் வேனும் லாரியும் வைத்துத் தொழில் நடத்தும் முதலாளிமார்களுக்கு வணக்கம்.

போன மாதம் தேக்கா சந்தைப் பக்கம், ரிவர்ஸ் எடுத்த காய்கறி வேன் ஒன்று ஒரு பாட்டியின் தோளில் தட்டிவிட்டது. பெரிய அடியில்லை. ஆனால் தடுமாறி விழுந்ததில் முழங்கையில் சிராய்ப்பு, கீரைக்கட்டெல்லாம் தரையில். டிரைவர் தம்பி பதறி இறங்கினான், கையைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தான். அதுவரை சரி. அப்புறம் போன் போட்டது பாஸுக்கு. ஸ்பீக்கரில் பதில் சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்டது: "அம்பது வெள்ளி குடுத்துட்டு டெலிவரியப் பாரு." பாட்டியும் "ஒண்ணுமில்லப்பா, நீ போ" என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வொர்க் பர்மிட்டில் வந்தவன் பாஸ் பேச்சை எங்கே மீறுவான்? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 84ஆம் பிரிவு சொல்வது இதுதான்: வண்டியை நிறுத்த வேண்டும், தன் பெயர், முகவரி, வண்டி எண், உரிமையாளர் விவரம் தர வேண்டும், முடிந்த உதவியைச் செய்ய வேண்டும். பாதசாரிக்கு அடிபட்டிருந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகாரும் பதிய வேண்டும். இணையத்திலேயே பதியலாம், ஸ்டேஷன் வாசலில் காத்திருக்க வேண்டாம். அடிபட்டவர் பெருந்தன்மையாகப் "போ" என்றாலும் இது மாறாது.

அந்தப் பெருந்தன்மையையும் நம்பிவிடாதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள். தலையில் லேசாக இடித்திருந்தாலும் சில மணி நேரம் கழித்து, ஏன், மறுநாள்கூட உள்ளே கசிவு தெரியலாம். அப்போது பாட்டியின் பிள்ளைகள் கையில் இருப்பது வேன் நம்பர் மட்டும்தான். உங்கள் டிரைவர் அடித்துவிட்டு ஓடியவன் ஆகிவிடுவான்.

பணக்கணக்கும் உங்களுக்குச் சாதகமாக இல்லை. மூன்றாம் தரப்புக் காயத்துக்கான காப்பீடு இங்கே கட்டாயம். அதற்கான பிரீமியத்தை ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கீறல்கூட இல்லாத விபத்தையும் 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலை நாளுக்குள், காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால், இழப்பீடு கோராமல் ஓட்டியதற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் போனஸ் தள்ளுபடி போகலாம். இழப்பீடு கேட்டு யாராவது வந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் செய்யலாம். ஐம்பது வெள்ளி மிச்சம் பிடித்த லட்சணம் இது.

ஒவ்வொரு வண்டியிலும் தமிழில் ஒரு தாள் ஒட்டுங்கள்: ஆம்புலன்ஸ் 995, போலீஸ் 999, காப்பீட்டு நிறுவனத்தின் எண், பிறகு உங்கள் எண். இந்த வரிசையிலேயே. கூடவே, விபத்தால் டெலிவரி தாமதமானால் சம்பளத்தில் கை வைக்க மாட்டேன் என்று டிரைவர்களிடம் நேரில் சொல்லுங்கள். தாளில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

இப்படிக்கு,
தேக்காவில் காய்கறி வாங்கும் ஒருவர்