வண்டி வைத்த கதை

லண்டன்.

அன்பின் அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டுகிறேன்.

நான் அனுப்பிய என் படத்தைப் பார்த்துவிட்டு "என்னடா தம்பி, வண்டி வச்சிட்டு" என்று கேட்டிருந்தீர்கள். மெய்தான். மூன்று வருசத்தில் 14 கிலோ கூடி, வயிறு முன்னால் வந்துவிட்டது.

ஊரில், ஆரையம்பதியில், நம் வேலியிலேயே முருங்கை நின்றது. வாவி மீன் சைக்கிளில் வாசலுக்கு வந்தது. பொரித்த சாமான் தின்ன ஆசை வந்தால்தான் சந்திவரை நடக்க வேண்டும். இங்கே தலைகீழ். பஸ்ஸால் இறங்கி அறைக்கு வருவதற்குள் நாலு கோழிக்கடை. இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வரும்போது திறந்திருப்பதும் அவைதான். ஒரு பிடி முருங்கையிலை வாங்கும் காசுக்கு இரண்டு கோழிக்கால் பொரித்துத் தருவான்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2022 ஒக்டோபரிலிருந்து பெரிய கடைகள் வாசலிலும் காசு கட்டுமிடத்திலும் சொக்லேட், மிட்டாய் அடுக்கக் கூடாது என்று சட்டம். 185 சதுர மீட்டருக்குக் குறைந்த கடைகளுக்கு அது இல்லை. நான் வேலைக்கு நிற்கும் கடை அதிலும் சின்னது. கல்லாவுக்கு முன்னால் சொக்லேட் அடுக்குவதே உங்கள் தம்பிதான்! பால் வாங்க வரும் சனம், நான் மிச்சக்காசு எண்ணும் நேரத்தில், பார்க்காமலே கையை அங்கே நீட்டும்.

அதற்காகக் கடையை மட்டும் குற்றம் சொல்ல ஏலாது. அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் செய்த ஆய்வொன்றை வாசித்தேன், 2012இல் வந்தது. ஏழு பேரில் ஒருவர்தான் வீட்டுக்கு ஆகக் கிட்டவுள்ள சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறாராம். தூரத்தைவிட விலைதான் கணக்கு. மலிவான கடைக்குப் போகிறவர்களிடையே உடல் பருமன் கூடுதலாம். என்னையே பாருங்கள். கீழே மரக்கறிக்கடை இருக்க, இரண்டு பஸ் ஏறி ஈஸ்ட்ஹாம் தமிழ்க்கடைக்குப் போகிறேன். போய் வாங்குவது என்ன? கீரையா? வெள்ளை அரிசி மூட்டை, உறைந்த பராட்டா, ரோல்ஸ். நாக்கு இன்னும் மட்டக்களப்பில், நடை மட்டும் நின்றுவிட்டது.

தாதி நிறை பார்த்தபோது, எங்கள் தெற்காசிய ஆட்களுக்கு உடல் நிறைச் சுட்டி (உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று பார்க்கும் கணக்கு, BMI) 25 வரை பொறுக்கக் கூடாது, 23 தாண்டினாலே கவனம் என்றாள். அம்மாவின் சீனி வருத்தத்தையும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அப்புறம், அடுத்த மாதம் அத்தானின் கூட்டாளி வருகிறாராமே. அவரிடம் குரக்கன் மா கொடுத்துவிடுங்கள். முறுக்கு வேண்டாம்.

சரி, ஒரு சின்னப் பை மட்டும்.

அன்புத் தம்பி